கட்டிலுக்கு முன்னால் கூலன்ட்

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் இருந்து வாலாஜாபாத் சாலைக்குத் திரும்பினால் ஒரு டீக்கடை வரும். மத்தியானம் மூன்று மணி வாக்கில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொள்ளும் நேரம் அது. போன மாதம் அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் தெருத் தம்பி தன் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். பக்கத்துத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருக்கிறான், வயது இருபத்தேழு.

வீடியோவில் ஒரு சாம்பல் நிற வேன், ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை. ஒரு அம்மா பட்டனை அழுத்துகிறார். வேனின் கூரை முன்பக்கமாக வாயைத் திறந்ததுபோல மெல்ல எழும்புகிறது. அந்த இடைவெளியில் ஒரு மெத்தை, இரண்டு குழந்தைகள்.

"அண்ணே, இதை இங்க கொண்டாந்தா எவ்ளோ ஆகும்?"

"கொண்டாரவே முடியாது. டீ சொல்லு, ஏன்னு சொல்றேன்."

அன்று ஒரு டீயில் முடியவில்லை. மூன்று ஆனது. அவன் கேட்ட வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியை வேறு இரண்டு பேரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் ஒரு பழைய வண்டியில் மெத்தை போட்டு வைத்திருக்கிறவன் என்பது இந்தச் சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் பரவிவிட்டது.

வீடியோவில் வந்த வண்டியின் பெயர் மஸ்தா போங்கோ ஃப்ரெண்டீ. 1995 முதல் சுமார் பத்து வருஷம் ஜப்பானில் விற்ற எட்டு சீட்டர். அதையே ஃபோர்டு ஃப்ரெடா என்று வேறு பெயர் ஒட்டியும் விற்றார்கள். பிரிட்டனில் மஸ்தா கம்பெனி இதைத் தன் ஷோரூமில் விற்றதே கிடையாது. ஆனாலும் அங்கே போங்கோ ஓட்டுகிறவர்கள் ஒரு தனி ஜாதி மாதிரி இருக்கிறார்கள். எல்லாமே ஜப்பானில் ஓடி முடித்து, கப்பலில் வந்த பழைய வண்டிகள். காரணம் ஜப்பானின் 'ஷாக்கென்' பரிசோதனை. புது வண்டிக்கு மூன்றாம் வருஷம், அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம். செலவு ஜாஸ்தி. வண்டி வயசாக ஆக அந்தச் செலவும் கூடும். அதனால் நன்றாக ஓடுகிற வண்டியையே ஜப்பான்காரர் தள்ளிவிடுவார். நம்மைப் போல வலதுபக்க ஸ்டியரிங் உள்ள நாடுகள் வாங்கிக்கொள்ளும். பிரிட்டன், கென்யா, இலங்கை எல்லாம் அந்த வரிசையில் வரும்.

இந்தியா வராது. பழைய வண்டி இறக்குமதிக்கு இங்கே விதி கடுமை. தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, இன்னும் ஐந்து வருஷமாவது ஓடத் தகுதி இருக்க வேண்டும், மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே இறக்க வேண்டும், இறக்கியபின் இங்கத்திய மோட்டார் வாகன விதிகளுக்குப் பொருந்துகிறது என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும். வரி மட்டுமே வண்டி விலையைத் தாண்டும். கடைசி போங்கோ ஃப்ரெண்டீ தயாராகி இருபது வருஷம் ஆகப்போகிறது, அல்லது ஆகிவிட்டது. முதல் விதியிலேயே கதை முடிந்தது.

மாமல்லபுரம் பக்கம் ஜெர்மன் நம்பர் பிளேட்டோடு வீட்டு வண்டிகள் நிற்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவை 'கார்னே' என்கிற சுங்கப் பத்திரத்தில் வந்த விருந்தாளிகள். குறித்த நாளுக்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். இங்கே விற்க முடியாது.

"அப்ப புதுசா வாங்கினா?" என்றான் தம்பி.

புதுசாக வாங்கலாம். டொயோட்டா வெல்ஃபயர் 2020 பிப்ரவரியில் ஜப்பானில் இருந்து முழு வண்டியாக இங்கே வந்தது. அப்போதைய ஷோரூம் விலை 79.5 லட்சம். பிரிட்டனில் போங்கோ மாதிரியே கட்டில் போடத் தேடி வாங்குகிற இன்னொரு வண்டி அல்பார்ட். வெல்ஃபயர் அதனுடைய கூடப்பிறந்தது. அங்கே பழைய அல்பார்டில் ஸ்டவ் வைத்து முட்டை பொரிக்கிறார்கள். இங்கே வெல்ஃபயரில் பெரிய மனிதர்கள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு விமான நிலையம் போகிறார்கள். ஒருவகையில் இரண்டும் படுக்கை வண்டிதான்.

இதில் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்கிறோம். 2010 முதல் ஒரகடத்தில் செய்து எண்ணூர் துறைமுகம் வழியாக ஐரோப்பா வரை அனுப்பியிருக்கிறோம். ராத்திரியில் இந்தச் சாலையில் கார் ஏற்றிய ட்ரெய்லர்களை முந்தவே முடியாது. ஆயிரக்கணக்கில் வெளியே போகிற சாலையில், பழசாக ஒன்றே ஒன்று உள்ளே வர வழியில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே ஓடும் வேன் எல்லாமே ஜப்பான் சரக்கு என்று சொன்னால் பெரிய தப்பில்லை. யாழ்ப்பாணத்தில் 'ஹயஸ்' என்றால் டொயோட்டா ஹையேஸ் வான். பழைய உருண்டை முகத்து மாடலுக்கு 'டொல்பின்' என்று செல்லப் பெயரே உண்டு. 2020 மார்ச்சில் இருந்து கிட்டத்தட்ட ஐந்து வருஷம் அந்த நாடு வாகன இறக்குமதியையே நிறுத்தி வைத்தது. முப்பது வருஷப் பழைய வானைக்கூட யாரும் கழிக்கவில்லை. ஒட்டி, வெட்டி, வைத்து ஓட்டினார்கள். வெளிநாட்டு வண்டியை வைத்திருப்பது என்றால் என்ன என்று கற்க வேண்டுமென்றால், வீடியோ போடுகிற வெள்ளைக்காரரைவிட யாழ்ப்பாணத்து மெக்கானிக்கிடம்தான் நான் போவேன்.

இரண்டாவது டீ வந்தது. தம்பியின் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. "உனக்கு ஜப்பான் வண்டிதானே வேணும், இதோ ஒரகடத்துல பொறந்தது ஒண்ணு இருக்கே" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற என் வண்டியைக் காட்டினேன்.

நிசான் எவாலியா. ஜப்பானில் என்.வி. 200 என்ற பெயரில் 2009-ல் வந்த வண்டி. நியூயார்க் நகரம் தன் மஞ்சள் டாக்ஸிக்காக 2011-ல் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஐரோப்பாவுக்கு பார்சிலோனாவில் செய்தார்கள். நமக்கு ஒரகடத்தில் செய்து 2012 செப்டம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். அடுத்த வருஷம் அதே லைனில் அசோக் லேலண்ட் 'ஸ்டைல்' என்ற பெயரிலும் இறங்கியது. இரண்டையுமே நம் ஆட்கள் வாங்கவில்லை. பார்க்க டெலிவரி வேன் மாதிரி இருக்கிறது என்று ஒரே பேச்சு. நடு சீட்டு ஜன்னல் முதலில் திறக்கவே திறக்காது. வெயில் ஊருக்கு அப்படி ஒரு வண்டி. 2013-ல்தான் தள்ளித் திறக்கும் கண்ணாடி வைத்தார்கள். 2015-ல் கடையைக் கட்டியாயிற்று.

அதே என்.வி. 200-இல் கட்டில் போட்ட வண்டிகள் பிரிட்டனில் ஏராளம். ஜப்பானில் நிசானே கட்டில் போட்டு விற்றது. நாலரை மீட்டருக்கும் குறைவான நீளம், இரண்டு பக்கமும் தள்ளு கதவு, மேலே தூக்கும் பெரிய பின்கதவு, தாழ்ந்த தரை. நம் ஊரில் யாரும் சீண்டாத அந்தப் பெட்டி வடிவம்தான் படுக்கப் போனால் வரம்.

ஆக, உன் கையில் கிடைப்பது இறக்குமதி வண்டி இல்லை என்றாலும், அதன் எல்லாக் கஷ்டமும் இதற்கு உண்டு. எங்கோ வரைந்தது, இங்கே கொஞ்சமே விற்றது, சீக்கிரம் நின்றது. தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை மாதிரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வண்டி ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கட்டில், திரைச்சீலை, அடுப்பு, சோலார். அதெல்லாம் ஒரு நல்ல தச்சரும் ஒரு எலக்ட்ரீஷியனும் இருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. வண்டியைக் கொல்வது வேறொன்று. டீக்கடைக்காரரின் பின்னால் கேஸ் அடுப்பில் குக்கர் ஒன்று இருந்தது, சுண்டலுக்கு. அதைக் காட்டித்தான் சொன்னேன்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி வெயிட்டைப் போட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கொதிநிலை 120 வரை போகும். சுண்டல் வேகுவது அந்த இருபது டிகிரியால். ரேடியேட்டர் மூடியில் இருக்கும் ஸ்பிரிங் செய்வதும் இதே வேலைதான். அதுதான் இன்ஜினின் குக்கர் வெயிட். 90 டிகிரி வாக்கில் ஓடும் இன்ஜின், மலை ஏறும்போது கொஞ்சம் மேலே போனாலும் தண்ணீர் கொதிக்காமல் தாங்குவது அந்த அழுத்தத்தில். மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் வெயிட் போடாத குக்கர் ஆகிவிடும். தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியே போகும். போனது தெரியாது.

அடுத்தது ஹெட். இன்ஜின் பிளாக் இரும்பு, மேலே மூடியிருக்கும் ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை இரண்டும் சேர்ந்து வாழும். தண்ணீர் நின்றால் ஹெட் வளையும், அல்லது வெடிக்கும். அப்புறம் லேத், ஃபேசிங், கேஸ்கட், பத்து நாள் ஷெட்.

போங்கோவில் இந்தக் கதை இன்னும் மோசம். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் மூக்கில். நடுவே நீளமான குழாய்கள் வண்டியின் அடியில் ஓடுகின்றன. நம் மாருதி ஆம்னியை நினைத்துக்கொள்ளுங்கள். (சினிமாவில் ஆளைக் கடத்துகிற அதே ஆம்னிதான். அதிலும் இன்ஜின் சீட்டுக்கு அடியில். நீண்ட தூரம் ஓட்டியவர்களுக்குத் தொடை சொல்லும்.) பிரிட்டனில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். ஜப்பானில் இருந்து வந்த வண்டிக்கு அடியில் அதற்கான பூச்சு கிடையாது. குழாய் துரு பிடித்து ஊசித்துளை விழும். இதில் கொடுமை என்னவென்றால், அந்த வண்டியின் வெப்பமானி முள் நடுவில் போய் நின்றால் அப்புறம் சூடு எவ்வளவு ஏறினாலும் வெகுநேரம் அசையாது. ஓட்டுகிறவர் பதறக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். முள் எழும்பும்போது ஹெட் போயிருக்கும். தண்ணீர் மொத்தமும் வடிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். முள் கீழேயே இறங்கினாலும் இறங்கும். அதனால் அனுபவப்பட்ட போங்கோக்காரர் வண்டி வாங்கியதும் முதலில் போடுவது கூலன்ட் டேங்கில் ஒரு அலாரம். தண்ணீர் மட்டம் குறைந்தால் கத்தும். ஒரு சின்ன சென்சார், ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான். கூரை தூக்கும் மோட்டாரைவிட அந்த வண்டியில் மதிப்பான பொருள் அதுதான் என்பேன்.

கூலன்ட் மாற்றியபின் அந்த நீளக் குழாய்களில் காற்று அடைத்துக்கொள்ளும். இன்ஜினிலிருந்து வரும் ஒரு சிறு ஹோஸை உயரத் தூக்கிக் கட்டி, மெல்ல மெல்ல ஊற்றி, குமிழி நிற்கும்வரை காத்திருந்துதான் மூட வேண்டும். அவசரக்காரரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அடுத்த மேட்டில் வண்டி நிற்கும்.

"நம்ம வண்டியில இன்ஜின் முன்னாடிதானே அண்ணே?"

முன்னாடிதான். அந்தத் தெம்பில்தான் நான் ஏலகிரியில் மாட்டினேன்.

வண்டி வாங்கிய மூன்றாம் மாதம், மே மாதம். பெட்டி, மெத்தை, மனைவி தேர்ந்தெடுத்த திரைச்சீலை எல்லாம் புத்தம் புதுசு. கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது தெரிந்தே இருந்தது. தெருக்குழாயில் வந்த போர் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சமாளித்து வைத்திருந்தேன். எங்கள் ஏரியா போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் இருந்து மலை ஏறும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வள்ளுவர் வரை நன்றாகத்தான் போனோம். கம்பனில் முள் நகர்ந்தது. கபிலரில் ஏ.சி. சூடான காற்று விட்டது. ஔவையாரை எட்டுவதற்குள் பானெட் இடுக்கில் ஆவி.

உடனே நிறுத்தியதால் ஹெட் பிழைத்தது. முக்கால் மணி நேரம் ஓரமாக நின்றோம். சூடான மூடியைத் திறப்பது விசில் அடிக்கும் குக்கரைத் திறப்பது மாதிரி, தொடவே கூடாது. ஆறியபின் குடிக்க வைத்திருந்த இருபது லிட்டர் கேனில் இருந்து சிறுகச் சிறுக ஊற்றினேன். சூட்டில் இருக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் அதுவே வெடிப்பை உண்டாக்கும். திரும்பி இறங்கும்போது ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட்டினேன். கேபின் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை நம் முகத்தில் கொட்டும். மே மாதத்தில், நாலு பேர், ஹீட்டர் போட்டுக்கொண்டு. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி வீட்டில் இப்போதும் பேச்சு உண்டு.

ஷெட்டில் பார்த்தால், கீழ் ஹோஸ் கிளிப் துரு பிடித்து இற்றுப்போயிருந்தது, ரேடியேட்டருக்குள் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. நான் ஊற்றிய உப்பு. குற்றம் வண்டி மேல் இல்லை. ஒரு கிளிப்பும், பாதிக்குப் பாதி கலந்த கூலன்டும் போட்டிருந்தால் ஏலகிரியில் பஜ்ஜி சாப்பிட்டிருப்போம்.

அதனால் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: காலையில் போங்கள், வருகிறவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஜில்லென்று இருந்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது மெத்தென்று இருக்க வேண்டும். கல் மாதிரி விறைத்திருந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக உள்ளே அழுத்தம் போகிறது என்று அர்த்தம். பிறகு ஆயில் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மோர்க்குழம்பு மாதிரி மஞ்சளாக அப்பியிருந்தால், விற்பவர் தரும் டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

இன்னொன்று, பெல்ட். எவாலியாவில் இருப்பது 1.5 லிட்டர் கே9கே டீசல். டைமிங் பெல்ட் ரப்பர். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் மாற்றும்போது பம்ப்பை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் கூலியை இரண்டு தடவை கொடுப்பீர்கள். பழைய ஓனரிடம் பில் இல்லை என்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றுவது நல்லது.

இன்ஜின் விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். அதே கே9கே டஸ்டரில், லாட்ஜியில், டெர்ரானோவில், டீசல் சன்னியில் எல்லாம் ஓடியது. எல்லாமே இந்த ஒரகடத்து வண்டிகள். அதனால் ஃபில்டர், பெல்ட், இன்ஜெக்டர் இப்போதும் கிடைக்கிறது. கிடைக்காதது உடம்பு. தள்ளு கதவின் ரோலர், பக்கவாட்டுக் கண்ணாடி, டெயில் லாம்ப். புதுப்பேட்டையில் மூன்று சந்து சுற்றினால் வெட்டிய எவாலியா ஒன்று அகப்படலாம். அகப்படாமலும் போகலாம். அப்போது கை கொடுப்பது பார்ட் நம்பர். 'எவாலியா ரோலர்' என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பழைய ரோலரில் பொறித்த எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ வைத்துத் தேடினால் அது என்.வி. 200 பாகம், ஜப்பானில் ஒரு அலமாரியில் இருக்கிறது, துபாய் வழியாக வரும். போங்கோக்காரர்களுக்கும் இதே பாடுதான். வண்டி நம்பரைத் தட்டினால் அவர்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கையை விரிக்கும். என் டேஷ்போர்டு டிராயரில் ஆர்.சி. நகலோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கிறது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் அதில் ஏறும்.

ரேடியோ பற்றி ஒரு வார்த்தை. நேராக ஜப்பானில் இருந்து வந்த பழைய வண்டிகளில் எஃப்.எம். 76-ல் தொடங்கி 90-ல் முடிந்துவிடும். அப்படி ஒரு வண்டியைச் சென்னையில் ஓட்டினால் 93.5 சூரியனும் வராது, 98.3 மிர்ச்சியும் வராது. நம்முடையது ஒரகடத்துக்காரி, எல்லாம் வரும்.

"சீட்டெல்லாம் கழட்டிட்டு கட்டில் போட்டுறலாமா அண்ணே?"

இந்த இடத்தில் நான் டம்ளரைக் கீழே வைத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. ஆர்.சி.யில் எழுதியிருப்பதற்கும் கம்பெனி செய்ததற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்று ஆக்கினார்கள். முழுக்க வீடாகக் கட்டிய வண்டி என்றால் அதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. கட்டுகிற கம்பெனி அதன்படி அனுமதி வாங்க வேண்டும். நாம் பட்டறையில் ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வாங்கக்கூடிய அனுமதி அல்ல அது.

ஆகவே என் வண்டியில் ஒரு ஸ்க்ரூகூடப் புதிதாக ஏறவில்லை. சீட்டுகள் மடிந்து அங்கேயே இருக்கின்றன. மேலே மூன்று பலகை, அடியில் ஒரு பெட்டி, பெல்ட்டால் இறுக்கிக் கட்டியது. திங்கட்கிழமை இறக்கினால் ஏழு சீட்டர். அது சாமான், மாற்றம் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஷூட்டிங்கா?" என்று கேட்டார். நம் ஊரில் கேரவன் என்றால் நடிகைக்கு ஏ.சி. போட்டு நிறுத்துவது, வேறென்ன.

பலகையிலும் கணக்கு இருக்கிறது. 19 எம்.எம். பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று முப்பத்தைந்து கிலோவை நெருங்கும். இரண்டு தண்ணீர் கேன் நாற்பது கிலோ. 100 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரி முப்பது கிலோ. தச்சர் பாசத்தில் மூன்று ஷீட் செலவழித்தால், நாலு பேர் குடும்பத்தோடு கண்ணுக்குத் தெரியாத மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறீர்கள். பன்னிரண்டு எம்.எம். போதும். குறுக்கே சட்டம் கொடுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். அந்த பேட்டரியில் காகிதத்தில் 1,200 வாட் மணி. பாதிக்கு மேல் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் சாகும், ஆக கையில் 600. 25 வாட் டி.சி. ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 200. லைட், செல்போன் ஒரு நூறு. குட்டி ஃபிரிட்ஜ் வைத்தால் நம் வெயிலுக்கு மீதி முழுவதையும் அதுவே குடித்துவிடும். ஏ.சி. என்ற பேச்சே வேண்டாம். இந்த பேட்டரியையும் செல்ஃப் எடுக்கும் பேட்டரியையும் சேர்க்கும் கம்பியில் ஒரு ரிலே வேண்டும். இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டும் சேரும், நின்றதும் பிரியும். இல்லையென்றால் காலையில் ஃபேன் ஓடும், வண்டி ஓடாது.

ஜெனரேட்டர் வைத்து ஏ.சி. ஓட்டலாமே என்று கேட்பவர்களிடம் நான் விளையாட்டாகப் பேசுவதில்லை. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு ஆண்கள் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியிருந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாது. வண்டிக்குள் அடுப்பும் பற்ற வைக்காதீர்கள். எவாலியாவின் பின்கதவு மேலே தூக்கினால் ஒரு ஆள் நிற்கிற தாழ்வாரம். மழையிலும் அதன் அடியில் நின்று டீ போடலாம். ஜன்னலில் திரைச்சீலைக்குப் பதில் கொசுவலை. அதனால்தான் தள்ளித் திறக்கும் கண்ணாடி உள்ள 2013-க்குப் பிந்திய வண்டியாகப் பார் என்றேன்.

ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் இந்த மாதிரி வண்டிக்கு அதிகம். நின்றால் எலி வரும். வயரைக் கடிக்கும், பிஸ்கட் தூள் இருந்தால் குடும்பமே நடத்தும். டயர் தேயாமலே கிழமாகும். பக்கச் சுவரில் 2319 என்று நாலு எண் இருந்தால், 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் பிறந்தது. டயர் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. 2012 வண்டி என்றால் 2027-ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலை பேசும்போதே நினைவில் வையுங்கள்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் வழிப்போக்கன் இறங்கிப் படுத்துப் போக இடம் இருந்த சாலை. இன்று கம்பெனி ஹாஸ்டல்களைத் தவிர இங்கே யாரும் யாருக்கும் பாய் விரிப்பதில்லை. இதைத் தம்பியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மூன்றாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம். கோயம்புத்தூரில் விற்பனைக்கு இருக்கும் 2014 எவாலியா, வெள்ளை. பின்னாலேயே இன்னும் நாலு படம்: சீட்டு, ஸ்டியரிங், கூரை, சீலிங் லைட். 'கூலன்ட் டேங்க் போட்டோ கேளு, மூடியைத் திறந்து' என்று அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது. திரைச்சீலைத் துணி மூன்று நிறத்தில், எது நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தான். டேங்க் போட்டோவைத் திரும்பவும் கேட்டிருக்கிறேன்.